பதினாறு கோடிப் பல்

கோதண்டத்தின் முதல் பல்லைப் பிடுங்கும்போது டில்லிபாபு கொஞ்சமும் அவசரப்படவில்லை.

கட்டிங் பிளேயரை முதலில் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டான். கைகளைக் கட்டிப் போட்டிருந்த கோதண்டத்தின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கி, எதை எடுக்கலாம் என்று பார்த்தான். முன்பல் ஒன்றை இடுக்கிப் பிடித்தான். இடமும் வலமுமாக ஆட்டினான். பிறகு மணிக்கட்டை ஒரு திருகு.

பச்சைக் கிளை முறிகிற சத்தம். அதற்குப் பின்னால் கோதண்டத்தின் அலறல். ஷெட்டின் தகரக் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

வெளியே பட்டப்பகல். காத்திவாக்கம் கழிமுகத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி இரண்டு பேர் வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு ஷெட் பக்கம் திரும்பினார்கள். வாசலில் நின்ற பைக் யாருடையது என்று பார்த்தார்கள். மறுபடி வலைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

ஜானட்டை இரும்புத் தூணோடு சேர்த்து நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். அவள் கழுத்துக்கு ஒரு விரல்கடைத் தூரத்தில் மீன் வெட்டும் கத்தியோடு பாஸ்கல் நின்றான். டில்லிபாபு கண்ணைக் காட்டினால் வெட்டுவான். காட்டாவிட்டால் சும்மா நிற்பான். பாஸ்கலுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டில்லிபாபு, பிடுங்கின பல்லை உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினான்.

"உங்கிட்ட கீற பல்ல நீ குடு மேடம். இவன் வாயில மீதி கீறத நான் வுட்டுர்றேன். கணக்கு சரியாப்பூடும்."

ஜானட் ராயபுரத்துப் பெண். அப்பா ரயில்வேயில் இருந்தார். மகள் மண்ணைக் கிளறப் போய்விட்டாள். செத்துக் கல்லாகிப்போன பிராணிகளின் பற்களைத் தேடுவதுதான் அவள் பிழைப்பு. அதிலும் யானைப் பல், புலிப் பல் இல்லை. டைனோசர்களின் காலடியில் மூஞ்சூறுபோல ஓடித் திரிந்த முதல் பாலூட்டிகளின் பற்கள். ஒவ்வொன்றும் ஒரு ரவைக் குருணை அளவு.

கோதாவரிக் கரையிலிருந்து களிமண் மூட்டை மூட்டையாக லாரியில் வரும். அதைக் கழுவ இடம் வேண்டும் என்றுதான் கழிமுகத்தை ஒட்டிக் கிடந்த இந்தப் பழைய ஐஸ் ஷெட்டை வாடகைக்குப் பிடித்திருந்தாள். களிமண்ணைக் காயவைத்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிறகு தண்ணீரை ஊற்றினால் பொரிந்து கரையும். மெல்லிய சல்லடையில் அரித்து, மிஞ்சுவதைக் காயவைத்து, மைக்ராஸ்கோப்பின் கீழே மணி மணியாகப் பார்க்க வேண்டும். நூறு மூட்டைக்கு ஒரு பல் கிடைத்தால் அதிர்ஷ்டம். சல்லடை ஆட்டுகிற வேலை கோதண்டத்துக்கு. நல்ல உழைப்பாளி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அந்த வாய்தான் இன்று ரத்தம் கக்கிக்கொண்டிருந்தது.

போன வெள்ளிக்கிழமை ஜானட் அந்தப் பல்லைக் கண்டாள். கண்டதும் "கோதண்டண்ணே, பதினாறு கோடி வருஷம், பதினாறு கோடி வருஷம்" என்று பிதற்றினாள். மறுநாள் டீக்கடையில் கோதண்டம் பெருமையோடு அதை அவிழ்த்துவிட்டார். எங்க டாக்டரம்மா ஒரு பல்லு எட்த்துக்கீது, பதினாறு கோடி. வருஷம் என்ற சொல்லை வழியில் எங்கேயோ தவறவிட்டுவிட்டார். தினமும் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் கோடி என்றாலே வருஷம்தான். டீக்கடைக்கு அப்படி இல்லையே.

அதோடு இன்னொரு கோளாறும் சேர்ந்துகொண்டது. டில்லிபாபுவின் கடத்தல் கூட்டத்தில் யாரும் யானைத் தந்தத்தைத் தந்தம் என்று சொல்லமாட்டார்கள். பல்லு என்பார்கள். ஆக, டீக்கடைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பாஸ்கலின் காதில் விழுந்தது இதுதான்: காத்திவாக்கம் ஐஸ் ஷெட்டில், மூட்டைகளுக்கு நடுவே, பதினாறு கோடி ரூபாய்க்குத் தந்தம்.

"தரேன்," என்றாள் ஜானட். "அவரை விடுங்க. அந்த அலமாரியில, மேல் தட்டுல, சின்ன பாட்டில்."

டில்லிபாபுவின் முகம் மாறியது. பாட்டிலா என்று கேட்டான். பாஸ்கல் எடுத்து வந்து நீட்டினான். பென்சிலின் மருந்து வருகிற மாதிரி ஒரு குட்டிப் புட்டி. தக்கையில் ஒரு குண்டூசி குத்தியிருந்தது. குண்டூசியின் தலையில் பசை வைத்து ஒட்டிய ஒரு துணுக்கு. டில்லிபாபு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். மறு கண்ணை மூடியும் பார்த்தான்.

பிறகு நேராகக் கோதண்டத்திடம் போனான். கட்டிங் பிளேயர் மறுபடி உள்ளே நுழைந்தது.

இந்தத் தடவை பல் முழுசாக வரவில்லை. பாதியில் ஒடிந்தது. ஒடிந்த வேரைத் தேடி இடுக்கி ஈறைக் கிழித்தது. கோதண்டத்தின் கால்கள் தரையை உதைத்துக்கொண்டே இருந்தன. உதைத்த வேகத்தில் மண்ணெண்ணெய் டின் உருண்டு வாசனை ஷெட் முழுக்கப் பரவியது.

ஜானட்டுக்கு எப்போதோ அவர் அடித்த ஜோக் அந்த நேரம் பார்த்து நினைவில் வந்தது. சுறாவுக்குப் பல் போனால் பின்வரிசை முன்னால் வரும், முதலைக்குச் சாகும்வரை முளைத்துக்கொண்டே இருக்கும், மனுஷனுக்கு மட்டும் ஏன் இப்படி என்று அவர் கேட்டார். பாலூட்டி ஆனபோது நாம் செய்துகொண்ட ஏற்பாடு அது என்று அவள் சொன்னாள். சும்மா சும்மா விழுந்து முளைக்கிற பல், எதிர்ப்பல்லோடு பொருந்தாது. பொருந்தினால்தான் மெல்ல முடியும். மெல்ல முடிந்தால்தான் உடம்பு சூடாக இருக்கும். அதனால் பால்பல் ஒரு தடவை, நிலைப்பல் ஒரு தடவை, அப்புறம் கிடையாது. கோதண்டம் சிரித்தார். "ஸ்டெப்னி இல்லாத வண்டின்னு சொல்லு."

இரண்டு போய்விட்டது. இனி முளைக்காது.

"மைக்ராஸ்கோப்ல பாருங்க," என்று கத்தினாள். "நான் ஏமாத்தல. அதுல வெச்சுப் பாருங்க."

கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அவள் குண்டூசியை மேடையில் பொருத்தி, விளக்கைப் போட்டு, குமிழைத் திருகிக் கொடுத்தாள். டில்லிபாபு குனிந்து கண்ணை வைத்தான். தேன் நிறத்தில் ஒரு மலை. முன்பக்கம் மூன்று சிகரம். பின்பக்கம் சரிந்து இறங்கி, மழைத்தண்ணீர் தேங்குகிற மாதிரி ஒரு பள்ளம்.

கொஞ்ச நேரம் அவன் தலையை எடுக்கவே இல்லை.

அவள் அவசர அவசரமாகச் சொன்னாள். அந்தப் பள்ளம்தான் விஷயம். அதற்கு முந்தின பற்கள் எல்லாம் கத்திரிக்கோல் மாதிரி, வெட்டத்தான் தெரியும். இதற்கு மேல்பல்லின் மேடு வந்து இந்தப் பள்ளத்தில் உட்காரும். ஆட்டுக்கல்லும் குழவியும் மாதிரி. வெட்டவும் செய்யும், அரைக்கவும் செய்யும். ஆடு, மாடு, யானை, மனுஷன் எல்லார் கடைவாய்ப் பல்லும் இந்த அச்சில் வார்த்ததுதான்.

"பதினாறு கோடி," என்றான் டில்லிபாபு, கண்ணை எடுக்காமலே.

தரையில் கிடந்த கோதண்டம் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். "வருசம், நைனா. ரூபா இல்ல. வருசம் பழ்சு. நான்தான் சொல்லாம வுட்டேன்."

டில்லிபாபு நிமிர்ந்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஜானட் மூச்சு விட்டாள். ஆனால் ஆபத்தே அங்கேதான் இருந்தது. சரக்குக்குக் காலையிலேயே ஆள் பேசியாகிவிட்டது. திருவொற்றியூர் இரும்புக் கிடங்கு இக்னேஷியஸிடம், சாயங்காலத்துக்குள் பல்லு வருகிறது என்று டில்லிபாபு வாக்குக் கொடுத்திருந்தான். இக்னேஷியஸிடம் வெறுங்கையோடு போனவன் கையோடு திரும்பினதில்லை.

"நீ வர மேடம்," என்றான். "அவராண்ட நீயே சொல்ற. பதினாறு கோடி. ரூபா."

"நம்பமாட்டார்."

"நம்ப வை. படிச்சவதானே." பிறகு பாஸ்கலிடம் திரும்பினான். "கம்பெனி சங்கு ஊதுறதுக்குள்ள நான் ஃபோன் போடுவேன். வுடுன்னா வுட்று. போடுன்னா போட்று. சங்கு ஊதியும் நான் பேசலேன்னா, நீ கேக்க வேணாம், போட்டுட்டுப் போய்க்கினே இரு. மெசேஜ் வந்தா கண்டுக்காத. எவன் பேசினாலும் கேக்காத. என் வாயால வரணும்."

வாயால் வர வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் சட்டம். யாரோ ஒருத்தனைப் பிடித்து அவன் ஃபோனிலிருந்தே போலீஸ் மெசேஜ் அனுப்பி நாலு பேரை அள்ளின பிறகு வந்த சட்டம். அதிலிருந்து பாஸ்கல் கையில் வெறும் பட்டன் ஃபோன்தான். ஜானட்டின் ஃபோனை டில்லிபாபு போகிற போக்கில் கழிமுகத்துச் சேற்றில் வீசினான்.

எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு நகராமல் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசைக்கும் கடற்கரைக் கல்லுக்கும் நடுவே பைக் புகுந்து புகுந்து பறந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஜானட் சட்டைப்பையிலிருந்த புட்டியை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். அவளுக்கு அப்போது ஒரே கணக்குத்தான். பொய் எடுபட்டால் டில்லிபாபு ஃபோன் செய்வான். கோதண்டம் பிழைப்பார். பல் போகும். போகட்டும். அது பதினாறு கோடி வருஷம் செத்துக் கிடந்தது; இன்னும் கொஞ்சம் கிடக்கும்.

இரும்புக் கிடங்கில் பிளந்த கப்பல் தகடுகள் மலைபோலக் குவிந்திருந்தன. காஸ் கட்டரின் நீலச் சுவாலை அங்கங்கே சீறியது. தரை முழுக்க இரும்புத்தூள், செருப்புக்கடியில் மணலாக நெறுநெறுத்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இக்னேஷியஸுக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. சுற்றி நாலு பேர் வேலை செய்கிற பாவனையில் நின்றார்கள்.

முதலில் அவளிடம்தான் பேசினார். பேர் கேட்டார். ராயபுரமா, எந்தக் கோயிலுக்குப் போவீங்க, அப்பா யாரு என்று விசாரித்தார். கல்யாணத்துக்கு வந்தவரிடம் பேசுவதுபோல அவ்வளவு நிதானம். பிறகு கையை நீட்டினார். டில்லிபாபு அவளிடமிருந்து புட்டியை வாங்கி, குண்டூசியை உருவி அதில் வைத்தான்.

இக்னேஷியஸ் அதைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார். சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்தார். திமிங்கில வாந்தி அம்பர் என்று மெழுகுவர்த்தியை உருக்கிக் கொண்டுவந்தவர்களையும், தந்தம் என்று பிளாஸ்டிக்கைச் செதுக்கிக் கொண்டுவந்தவர்களையும் அவர் நிறையப் பார்த்தவர். எதைக் கொடுத்தாலும் நெருப்பில் காட்டுவார். போலி என்றால் உருகும், நாறும்.

"வேணாம்," என்றாள் ஜானட்.

அதற்குள் சுவாலை குண்டூசித் தலையை நக்கிவிட்டது. பல் உருகவில்லை. பசை உருகியது. துணுக்கு நழுவிக் கீழே விழுந்தது. இரும்புத்தூளுக்குள் எங்கே போனது என்று எந்தக் கண்ணும் பார்த்திருக்க முடியாது.

"பூட்ச்சா," என்றார் இக்னேஷியஸ். "எவ்ளோ சொன்ன?"

"பதினாறு கோடி," என்றாள் ஜானட். "ரூபாய். வெளிநாட்டு மியூசியத்துல வாங்குவாங்க." குரல் நடுங்காமல்தான் வந்தது.

இக்னேஷியஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டில்லிபாபுவிடம் திரும்பி, பாடம் நடத்துகிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"பாத்தியா டில்லி. பதினாறு கோடியக் கீழ போட்டேன். மண்டி போட்டுத் தேட வேணாமா இவ? ஒரு தடவ குனிஞ்சு பாக்கல. நீங்க வந்ததுலேர்ந்து பாக்குறேன், உன் பாக்கெட்ல கீற ஃபோனையே பாத்துகினு கீறா." அவளிடம் கேட்டார். "யாரு பாப்பா அங்க மாட்டிகினு கீறான்? புருசனா?"

ஜானட்டின் பொய் அங்கே உடைந்தது. எல்லாவற்றையும் கொட்டினாள். வருஷம் ரூபாயானது, கோதண்டத்தின் பற்கள், பாஸ்கலின் கத்தி, சங்கு. ஒரு ஃபோன் மட்டும் பண்ணச் சொல்லுங்கள் என்று கும்பிட்டாள். இக்னேஷியஸ் இடையில் சிரித்தார். பதினாறு கோடி வருசம் என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவனைப் பார்த்துத் தலையசைத்தார்.

இரும்புக் குழாய் காற்றில் வருகிற சத்தம் டில்லிபாபுவுக்குக் கேட்டிருக்கும். திரும்பினான். அதனால் பின்மண்டையில் விழ வேண்டிய அடி இடது தாடையில் விழுந்தது.

அவன் விழவில்லை. அதுதான் அவன் செய்த தப்பு. விழுந்திருந்தால் ஒன்றோடு போயிருக்கும். நின்றதால் முழங்காலில் ஒன்று விழுந்தது. குனிந்ததால் முதுகில். தரையில் சுருண்ட பிறகு செருப்புக் கால்கள் வந்தன. ஒருவன் உதைக்க வாகாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். டில்லிபாபு இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். உருவின கையின் மேல் ஒரு தகட்டைப் போட்டார்கள். விரல்கள் எந்தப் பக்கம் மடியக்கூடாதோ அந்தப் பக்கம் மடிந்தன.

"உசுர எடுக்க வேணாம்," என்றார் இக்னேஷியஸ். "வெளிய கடாசு."

ஜானட் ஃபோன் கேட்டாள். இக்னேஷியஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "உன் ஆளு, உன் பாடு. எனக்கும் அவனுக்கும் இன்னா. கெளம்பு பாப்பா."

அவள் கிளம்பும்போதும் தரையைப் பார்க்கவில்லை.

கிடங்கின் கேட்டுக்கு வெளியே, நின்றுகொண்டிருந்த ஒரு லாரியின் பின்சக்கரத்தில் டில்லிபாபுவைச் சாய்த்துப் போட்டுவிட்டுப் போனார்கள். கீழ்த்தாடை இடப்பக்கம் ஒடிந்து, இழுத்து மூடாத டிராயர் மாதிரி தொங்கியது. எச்சிலும் ரத்தமும் கயிறாக மார்பில் வடிந்தன.

ஜானட் அவன் பாக்கெட்டில் கைவிட்டு ஃபோனை எடுத்தாள். மடங்காமல் மிஞ்சியிருந்த அவன் கட்டைவிரலை அதில் அழுத்தினாள். திறந்தது.

"சொல்றதைக் கேளு," என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அவரை விடச் சொல்லு. சொன்னா உன்னை நான் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். சொல்லலன்னா லாரி நகர்றப்ப உன்னை அந்தச் சக்கரத்துக்கு அடியில தள்ளுவேன். சிலுவை மேல சத்தியமா தள்ளுவேன்."

அவன் கண் அவளை அளந்தது. தள்ளுவாள் என்று தெரிந்துகொண்டது. தலையை ஆட்டினான்.

அப்போதுதான் சங்கு ஊதியது. எங்கேயோ ஒரு கம்பெனியில் ஆரம்பித்து, எண்ணூர் வரைக்கும் நீண்டு, லாரி இரைச்சலுக்கு மேலே எழும்பியது.

இரண்டாவது மணியிலேயே பாஸ்கல் எடுத்தான். "ண்ணா, சங்கு ஊதிடுச்சு. நானே முடிக்கலாம்னு எழுந்தேன். சொல்லு."

டில்லிபாபு வாயைத் திறந்தான். தொங்கிய தாடை ஒரு பக்கமாக ஆடியது. "...ஓ...டு."

"போடவா? சரிண்ணா."

ஜானட்டுக்குப் புரிந்தது. வுடு, போடு. இரண்டுக்கும் வால் ஒன்று. தலை மட்டும்தான் வேறு. வு என்கிற தலையைச் சொல்ல, கீழுதடு எழும்பி மேல்பல்லைத் தொட வேண்டும். இவன் கீழுதடு மேல்பல்லிலிருந்து நாலு விரல் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது.

"நில்லு பாஸ்கல்," என்று ஃபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "விடச் சொல்றாரு."

"நீ சொல்லாத. அண்ணன் வாயால வரட்டும்." ஒரு கணம் நிறுத்தினான். "இன்னா, அண்ணன் ஒரு மாதிரி பேசுறாரு?"

"வாயில மாவாப் பாக்கு. லாரிக்கு அந்தப் பக்கம் துப்பப் போயிருக்காரு. வந்து பேசுவாரு."

இக்னேஷியஸிடம் எடுபடாத பொய், பாஸ்கலிடம் எடுபட்டது. அவன் லேசாகச் சிரித்துக்கூட வைத்தான். டாக்டர் வேணாம்னு சொல்லியும் அண்ணன் அத்த வுடலியே என்று அலுத்துக்கொண்டான். சீக்கிரம் துப்பச் சொல்லு, இந்த ஆளு ரத்தம் ரொம்ப வுடுறான் என்றான்.

ஜானட் ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். டில்லிபாபுவின் முன்னால் மண்டியிட்டாள். வலது கட்டைவிரலை அவன் வாய்க்குள், கீழ்க்கடைவாய்ப் பற்களின் மேலே வைத்து, மற்ற விரல்களால் தாடையை அடியிலிருந்து பிடித்தாள். இடது கையால் நெற்றியை லாரிச் சக்கரத்தோடு அழுத்தினாள். பிறகு தூக்கினாள்.

ஒடிந்த எலும்பு எலும்போடு உரசுகிற சத்தம் அவள் விரல் வழியாகவே கேட்டது. டில்லிபாபு துடித்தான். துடித்த வேகத்தில் வலப்பக்கத்துப் பற்கள் அவள் கட்டைவிரலில் இறங்கின. சதை கிழிந்து நகத்தடியில் சூடாக எதுவோ ஓடியது. அவள் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் பின்னால், கொஞ்சம் வலப்புறம். இல்லை. இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு வாய்க்கும் மேலும் கீழும் சேர ஒரே ஒரு இடம்தான் உண்டு. வாழ்நாள் முழுக்கத் தேய்த்துத் தேய்த்து அந்த வாயே செய்துகொண்ட இடம். விரலை உருவிக்கொண்டு, உள்ளங்கையால் மோவாயை மேலே தள்ளினாள்.

மேடு பள்ளத்தில் உட்கார்ந்தது.

ஃபோனை அவன் உதட்டருகே கொண்டுபோனாள். "சொல்லு."

கண்ணீரும் வெறுப்புமாக அவன் அவளைப் பார்த்தான். கீழுதடு நடுங்கிக்கொண்டே எழும்பி மேல்பல்லைத் தொட்டது.

"வு... டு."

"வுடவா? நெஜமாவாண்ணா? சரக்கு?"

அவள் உள்ளங்கை வழுக்கியது. அழுத்திப் பிடித்தாள். லாரி டிரைவர் ஒருவன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, என்ன தகராறு என்று கேட்டான். 

"வுட்... ரா."

"சரி. வுட்டேன். கெளம்புறேன்."

"அவர்கிட்டக் குடு," என்றாள் ஜானட். பாஸ்கல் முனகினான். பிறகு தரையில் எதுவோ இழுபடும் சத்தம், ஈர மூச்சு. கோதண்டம் ஏதோ சொன்னார். முன்பல் இல்லாத வாயிலிருந்து சொற்கள் காற்றாக வந்தன, ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டியதும் இல்லை. பேசுகிறார், அது போதும். வீட்டுக்காரம்மா கன்னியம்மாக்காவைக் கூப்பிடுங்க, ஸ்டான்லிக்கு வாங்க என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சொன்னபடி டில்லிபாபுவை ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் அவன் மோவாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். விட்டால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சு அடைத்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரா என்று பரிதாபமாக விசாரித்தார்.

அவசரப் பிரிவின் வராந்தாவில் கன்னியம்மாளும் கோதண்டமும் அவர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கோதண்டத்தின் மனைவி கன்னியம்மாள் காசிமேட்டில் மீன் விற்பவள். விற்றுக்கொண்டிருந்த கோலத்திலேயே, புடவையில் செதிலோடு ஓடி வந்திருந்தாள். புருஷனின் வாயில் துண்டை அமுக்கிப் பிடித்திருந்தாள். ஸ்ட்ரெச்சரில் வருகிறவனைக் கோதண்டம் பார்த்தார். பார்த்துக்கொண்டே எழுந்தார்.

அவர் நடந்து வந்து பக்கத்தில் நின்றதும் டில்லிபாபுவின் கண்கள் ஜானட்டைத் தேடின. கெஞ்சின. கோதண்டம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையை மட்டும் பார்த்தார். அவன் மோவாயின் கீழே இருந்த கையை.

கூட்டிக்கொண்டு வருவதாகத்தான் சொல்லியிருந்தாள். வந்தாயிற்று. கையை எடுத்தாள்.

கோதண்டம் தன் கையை அந்த இடத்தில் வைத்தார். வீங்கின இடதுபுறத்தில், எலும்பு ஒடிந்த அந்த இடத்தைத் தடவிக் கண்டுபிடித்தார். பிறகு அழுத்தினார். நிதானமாக, முழு பலத்தோடு, அவசரமே இல்லாமல்.

டில்லிபாபுவின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்துக்கு வராந்தா முழுக்கத் திரும்பியது. நர்ஸ் ஓடி வந்தாள். அதற்குள் கோதண்டம் திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

யார் கூட வந்தது, என்ன ஆச்சு என்று நர்ஸ் கேட்டாள்.

"கீழ்த்தாடை," என்றாள் ஜானட். "இடது பக்கம் ஒடிஞ்சிருக்கு."

கன்னியம்மாள் எழுந்து வந்து, ஜானட்டின் ரத்தம் சொட்டுகிற கட்டைவிரலைப் பிடித்து நர்ஸின் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"அவன் கெடக்கட்டும். மொதல்ல இதுக்கு ஊசி போடும்மா. நாய் கட்ச்சா கூட பரவால்ல. இது மனுசன் கட்ச்சது."